எல்லையில் நிற்கும் படத்துக்கு யார் ஓட்டு?

'நண்பகல் நேரத்து மயக்கம்' எந்த மொழிப் படம்? மலையாளப் படம் என்றுதான் எல்லாப் பட்டியல்களும் சொல்கின்றன. ஆனால் தலைப்பை மலையாள எழுத்திலிருந்து தமிழ் எழுத்துக்கு மாற்றினால் போதும். மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலையே இல்லை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, எஸ். ஹரீஷ் திரைக்கதை எழுதி, மம்மூட்டி தயாரித்து நடித்த படம். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளிகளின் வண்டி ஒரு தமிழ்க் கிராமத்தின் ஓரம் நிற்கிறது. ஜேம்ஸ் இறங்குகிறான். வயல் வழியே நடந்து ஊருக்குள் போகிறான். காணாமல் போன சுந்தரம் என்பவனின் வீட்டுக்குள் சொந்த வீடு மாதிரி நுழைந்து, மாட்டுக்குத் தீனி வைத்து, தமிழில் பேச ஆரம்பிக்கிறான். படம் பிடிக்கப்பட்ட மஞ்சநாயக்கன்பட்டி, பழனிக்குப் பக்கம். பழனியிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு ரயில் பாதையே இருக்கிறது.

2022 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் பார்வையாளர்களின் ஓட்டு இந்தப் படத்துக்குத்தான் விழுந்தது. 2023 ஜூலையில், வங்காள இயக்குநர் கௌதம் கோஷ் தலைமையிலான நடுவர் குழு கேரள அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளை இதற்கே கொடுத்தது. மம்மூட்டிக்கு விருது வாங்கித் தந்த நடிப்பில் பெரும்பகுதி தமிழில் நடந்த நடிப்பு. அதை எழுதி வைக்க எந்த விருதுப் பட்டியலிலும் கட்டம் இல்லை. ஒரு படத்துக்கு ஒரு மொழி, அவ்வளவுதான்.

அரசாங்க விருதுக்கு இந்தக் கட்டம் தேவை என்பதைப் புரிந்துகொள்ளலாம். அரசாங்கம் மொழிவாரியாகத்தான் பிரிந்திருக்கிறது, பணமும் அப்படித்தான் வருகிறது. டி.வி.யில் காட்டுவதற்காக நடத்தப்படும் நட்சத்திர விழாக்களுக்கும் தேவை. விளம்பரதாரருக்கு எந்த ஊர் ரசிகர் பார்ப்பார் என்று தெரிந்தாக வேண்டும். விமர்சகர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருதுக்கு மட்டும் இந்த நிர்ப்பந்தம் கிடையாது. படத்தைப் பார்ப்பது, ஓட்டுப் போடுவது, இரண்டே வேலை. அந்தச் சுதந்திரத்தை விமர்சகர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்பது அட்டப்பாடியிலிருந்து குமுளி வரை இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

எல்லை அங்கே எப்படி விழுந்தது என்பது பழைய கதை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டம் பலிக்கவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் வந்தன, செங்கோட்டை வந்தது, மலை கேரளத்தோடு நின்றுவிட்டது. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானபோது மூணாறின் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் அதற்குள் இருந்தார்கள். வடக்கே பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் கேட்காத தெரு குறைவு. 2021-ல் தேவிகுளம் தொகுதியில் வென்ற ஏ. ராஜா கேரளச் சட்டசபையில் தமிழில்தான் உறுதிமொழி எடுத்தார். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் விடுபட்டுப் போனதால் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று! இரண்டு மொழிக்கு நடுவே வாழ்வதில் இப்படிச் சில தொல்லைகளும் உண்டு.

சினிமாவோ இந்த எல்லையை ஒருநாளும் மதித்ததில்லை. பாலக்காடு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் இல்லாமல் தமிழ்த் திரையிசை ஏது? (தேசிய விருது ஒன்றுகூட அவருக்குக் கிடைக்காதது வேறு சங்கதி.) மலையின் கிழக்கு அடிவாரத்தில் தேனி மாவட்டம் பாரதிராஜாவையும் இளையராஜாவையும் தந்தது. 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. தமிழ் வாசகனுக்கு விமர்சகர் விருது என்றால் நெடுங்காலம் அந்த மார்க்தான். பரிசுத் தொகை கிடையாது, மேடை கிடையாது, ஆனால் டீக்கடையில் அதை வைத்துச் சண்டை நடக்கும்.

அதே 1977-ல்தான் மலைக்கு மேற்கே கேரள திரைப்பட விமர்சகர் சங்கம் தன் விருதுகளை ஆரம்பித்தது. இந்தியாவில் அதற்கும் மூத்தது கல்கத்தாவில் 1937-ல் தொடங்கிய வங்காள சினிமா பத்திரிகையாளர் சங்கம். கேரள அரசு விருதுகள் 1969-லிருந்து வருகின்றன. ஆக, அரசு ஒரு பக்கம், விமர்சகர்கள் ஒரு பக்கம் என்று ஒவ்வொரு ஆண்டும் இரண்டு பட்டியல்கள் வருவதும், இரண்டையும் ஒப்பிட்டு ஜனங்கள் விவாதிப்பதும் கேரளத்தில் பழகிப்போன விஷயம். தமிழகத்தில் 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு அரசு விருதுகள் 2017-ல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் கையில் கொடுக்கப்பட்டன. விருது வருவதற்குள் படமே மறந்து போகும் நிலைமையில் எதை ஒப்பிடுவது?

கேரளச் சங்கத்தின் முறையில் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பம் கேட்டு, வந்த படங்களை நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுப்பது அதன் வழக்கம். ஒழுங்கான முறைதான். ஆனால் யார் விண்ணப்பம் போடுவார்கள்? தயாரிப்பாளர். முதன்மையாக மலையாளப் படங்களுக்கான விருது அது; மலையில் நடக்கும் தமிழ்க் கதையை எடுத்தவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் போவதில்லை. சென்னையிலோ அவரை எட்டிப் பார்க்க ஆளில்லை.

படைப்பை அவையில் வைத்து ஒப்புதல் வாங்குவது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது அதைக் கேட்டுக் குற்றம் ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். ஒரே ஒரு நடுவர்! ஓட்டெடுப்பு இல்லாததால் குழப்பமும் இருந்திருக்காது. நியூயார்க் விமர்சகர்களுக்கு அந்த வசதி இல்லை. 1935-ல் அங்கே விமர்சகர் வட்டம் அமைந்தபோது மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் விருது என்று வைத்துக்கொண்டார்கள்; திரும்பத் திரும்ப ஓட்டெடுத்தும் முடியாவிட்டால்தான் சாதாரணப் பெரும்பான்மை. 1939-ல் ஒரு கட்சி 'கான் வித் த விண்ட்' என்றது, இன்னொரு கட்சி 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' என்றது. இரண்டும் விட்டுக்கொடுக்காமல் போகவே, சமரசமாக 'வுதரிங் ஹைட்ஸ்' வென்றது.

அந்த வட்டம் செய்த ஒரு காரியம் இங்கே கவனிக்கத்தக்கது. 1972-ல் அது சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது ஸ்வீடன் நாட்டு பெர்க்மனின் 'கிரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்'. 1973-ல் பிரான்சின் த்ரூஃபோ. 1974-ல் இத்தாலியின் ஃபெலினி. மூன்று வருடம் தொடர்ந்து, அமெரிக்காவின் பெரிய நகரத்து விமர்சகர்கள் ஆங்கிலம் அல்லாத படத்தைச் 'சிறந்த வெளிநாட்டுப் படம்' என்ற தனிப் பெட்டியில் போடாமல் நேரடியாகச் 'சிறந்த படம்' என்றார்கள். ஆஸ்கார் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 2020 பிப்ரவரியில், கொரியாவின் 'பாரசைட்' படத்தோடு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு தாமதம்.

விமர்சகர் ஓட்டு ஒரு படத்தை உயிரோடு மீட்டதும் உண்டு. 1985-ல் டெரி கில்லியமின் 'பிரேசில்' படம் தயாராகி யுனிவர்சல் கம்பெனியின் அலமாரியில் கிடந்தது. நீளத்தைக் குறை, முடிவை மகிழ்ச்சியாக மாற்று என்றது கம்பெனி. டைரக்டர் மறுத்தார். 'எப்போது என் படத்தை வெளியிடப் போகிறீர்கள்?' என்று கம்பெனித் தலைவர் பெயரைப் போட்டே 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். திருட்டுத்தனமாக விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் கூடி, அமெரிக்கத் தியேட்டருக்கே வராத அந்தப் படத்துக்குச் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று விருதுகளைக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு வேறு வழியில்லை. சில நாட்களில் படம் வெளியானது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்படி ஒரு டிசம்பர் வாய்க்கவில்லை.

மலையின் பெயரையே வைத்துக்கொண்டு வந்த படத்தைத்தான் சொல்ல வேண்டும். லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை', விஜய் சேதுபதி தயாரிப்பில் 2018 ஆகஸ்டு 24-ல் வெளியானது. தேனிப் பக்கத்து அடிவாரத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஏறி, மூட்டை சுமந்து இறங்கும் கூலிகளின் கதை. ரங்கசாமிக்கு ஒரே ஆசை: கையகலமாவது சொந்த நிலம். அந்த ஆசைக்காகச் சேர்த்த காசெல்லாம் ஏலக்காய் மூட்டையாக மலைச்சரிவில் உருண்டு சிதறும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தோட்டத்தில் தொழிலாளிக்காக நிற்கும் சங்கத் தலைவர் சாக்கோ ஒரு மலையாளி. அவர் மலையாளம் கலந்து பேசுகிறார், கூலிகள் தமிழில் கேட்கிறார்கள், யாருக்கும் எதுவும் புரியாமல் போவதில்லை. மலையில் அப்படித்தான். கடைசியில், தனக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் முளைத்த காற்றாலைக்கு ரங்கசாமி காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். வசனமே தேவைப்படாத முடிவு.

பத்திரிகைகள் பாராட்டின. வாஸ்தவம். ஆனால் பாராட்டு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிற சங்கதி. விருதுப் பட்டியல்தான் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் இருக்கும். 2018-ம் ஆண்டுக்கான தேசிய விருதில் தமிழின் சிறந்த படம் என்ற ஒரே இடம் பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படத்துக்குப் போனது. அதைக் குறை சொல்வதற்கில்லை. 'பரியேறும் பெருமாள்' வந்ததும் அதே ஆண்டுதான், அதற்கும் இடமில்லை. ஒரு மொழிக்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஒரு படம் என்றால் நல்ல விளைச்சல் இருந்த வருடத்தில்தான் நஷ்டம் அதிகம். கேரளப் பட்டியலில் இந்தப் படத்துக்கு இடமே கிடையாது. கதை ஏறி இறங்கும் மலை கேரளத்து மலையாக இருந்தும், அது தமிழ்ப் படம்.

நடுவர்களின் கண்ணில் எது படுகிறது என்பதும் விசித்திரமானது. மலையின் தமிழகப் பக்கம், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் பட்ட பாட்டை டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதைத் தழுவி பாலா எடுத்ததுதான் 'பரதேசி'. கந்தலைச் சுற்றிக்கொண்டு கொத்தடிமையாய்ச் செத்த மனிதர்களின் கதை. தேசிய நடுவர்கள் அதற்குக் கொடுத்தது சிறந்த உடையலங்கார விருது. பூர்ணிமா ராமசாமி அந்தக் கந்தலை அவ்வளவு உண்மையாக உருவாக்கியிருந்தார், தகுதியான விருதுதான். இருந்தாலும், கந்தல் மட்டும்தானா கண்ணில் பட்டது?

2018-ல் தேசிய அளவில் ஒரு விமர்சகர் சங்கம் உருவானது. பிலிம் கிரிட்டிக்ஸ் கில்டு என்று பெயர். 2019-ல் முழுநீளப் படங்களுக்கு முதல் விருதுகளைக் கொடுத்தபோது தமிழ், மலையாளம் உட்பட எட்டு மொழிகளுக்குத் தனித்தனிப் பட்டியல் போட்டது. பிறகு மொழிப் பிரிவை எடுத்துவிட்டு, இந்தியப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் என்று மாறியது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' அதன் பலனைக் காட்டியது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸுகளின் கதை. மலையாளமும் இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சு. 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கியது. அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து ஆஸ்காருக்குப் படம் அனுப்பும் குழு இதை ஒதுக்கிவிட்டது. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போல இருக்கிறதாம். 2025 மார்ச்சில் விமர்சகர்கள் ஓட்டுப் போட்டபோது சிறந்த படம், சிறந்த இயக்கம் இரண்டும் அதற்கே. மொழிவாரிப் பட்டியல் இருந்திருந்தால் அதை எங்கே வைத்திருப்பார்கள்?

ஒரே பட்டியலால் தமிழ்ச் சிறு படம் அடிபட்டுப் போகும் என்ற அச்சமும் நியாயமானதே. இந்திப் படங்களுக்கு இருக்கும் ஆள்பலம் மதுரைப் பக்கத்து வறண்ட காட்டில் எடுத்த படத்துக்கு இருக்காது. 2024-ல் 'கூழாங்கல்' படத்துக்காக பி.எஸ். வினோத்ராஜ் அதே பட்டியலில் சிறந்த இயக்குநர் ஆனார் என்பது ஆறுதல். ஆனால் 'கூழாங்கல்' அதற்கு மூன்று வருடம் முன்பே ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம். அதன் பெயர் விமர்சகர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரோட்டர்டாம் போகாத படத்தை யார் தேடிப் பார்ப்பார்கள்? பெட்டி வைத்தால் எல்லைப் படம் வெளியே நிற்கிறது. பெட்டியை எடுத்தால் சின்னப் படம் கூட்டத்தில் காணாமல் போகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் தெரிகிறது: ஓட்டுப் போடுகிறவர்கள் பலதரப்பட்டவர்களாக இருப்பது.

கோல்டன் குளோப் கதை அதற்குச் சாட்சி. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் ஹாலிவுட்டில் இருந்த வெளிநாட்டு நிருபர்கள். மொத்தம் 87 பேர். அதில் ஒரு கறுப்பர்கூட இல்லை என்று 2021-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் எழுதியதும் மானம் போயிற்று. 2022 விழாவை ஒளிபரப்ப என்.பி.சி. மறுத்தது. 2023-ல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டது. இந்தியாவின் விமர்சகர் சங்கங்களைப் பார்த்து யாரும் இப்படிக் கணக்குக் கேட்டதில்லை. தமிழும் மலையாளமும் இரண்டும் காதில் விழும் ஊரிலிருந்து, இரண்டையும் எழுத்துக்கூட்டாமல் படிக்கிற எத்தனை பேருக்கு அங்கே ஓட்டு இருக்கிறது? கேட்டுப் பார்க்கலாம்.

ஏனென்றால் காது தேவைப்படுகிறது. மலையாளப் படத்தில் தமிழ் பேசும் ஆள் வந்தால் பெரும்பாலும் லாரி டிரைவர், வட்டிக்காரர், அல்லது சிரிப்பு மூட்டும் 'பாண்டி'. தமிழ்ப் படத்தில் மலையாளி வந்தால் டீக்கடை நாயர், இல்லாவிட்டால் மந்திரவாதி. இரு பக்கமும் தப்பு உச்சரிப்பை வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள். 'நண்பகல்' படத்தில் ஜேம்ஸின் தமிழ் அப்படியில்லை. அந்த ஊர் மாட்டுக்கும் மண்ணுக்கும் பழகியவனின் தமிழாக மாறுகிறது. இந்த வித்தியாசம் சப்டைட்டிலில் தெரியாது. சப்டைட்டிலைப் படித்து ஓட்டுப் போடும் விமர்சகருக்கு இரண்டும் ஒரே ஆங்கிலம்.

ரசிகர்கள் இதில் விமர்சகர்களை முந்திவிட்டார்கள். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' கொடைக்கானலின் குணா குகையையும் இளையராஜாவின் பாட்டையும் எடுத்துக்கொண்டு வந்தபோது, டப்பிங்கூட இல்லாமல் தமிழகத் தியேட்டர்கள் நிரம்பின. அதில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். டிக்கெட் வாங்கியவர் யாரும் இது எந்த மொழிப் படம் என்று விசாரிக்கவில்லை.

ஆனால் அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், தமிழ், மலையாளம் என்ற இரண்டு பெட்டிகளுக்கு வெளியேயும் ஆட்கள் நிற்பது தெரியும். பாலக்காடு மாவட்டத்தில், கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக ஏறினால் வருவது அட்டப்பாடி. 2020 பிப்ரவரியில் வந்த சச்சியின் 'அய்யப்பனும் கோஷியும்' அங்கே நடக்கும் கதை. இருளர் பழங்குடியைச் சேர்ந்த, ஆடு மேய்த்தும் விவசாயம் பார்த்தும் வாழ்ந்த நஞ்சியம்மா அதில் பாடினார். இருளர் மொழிப் பாட்டு. தமிழ் தெரிந்தவர் காது கொடுத்துக் கேட்டால் பாதி விளங்கிவிடும், அவ்வளவு நெருங்கிய மொழி. 2020-ம் ஆண்டுக்கான கேரள விமர்சகர் சங்க விருதில் அந்தப் படத்தின் இரண்டு கதாநாயகர்களும், பிருத்விராஜும் பிஜு மேனனும், சிறந்த நடிகர்கள் ஆனார்கள். 2022 ஜூலையில் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா.

உடனே ஒரு சர்ச்சை. முறையாகச் சங்கீதம் கற்றவர்களுக்கு இது அவமானம் இல்லையா, சுருதி கொடுத்தால் சாதாரணப் பாட்டொன்றை இவரால் பாட முடியுமா என்று ஓர் இசைக்கலைஞர் கேட்டார். பல பாடகர்களும் இசையமைப்பாளர்களும் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள். செப்டம்பர் 30-ல் டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் அவர் விருது வாங்கிக்கொண்டார். ஒரு பழங்குடிப் பெண் கையிலிருந்து இன்னொரு பழங்குடிப் பெண்ணுக்கு என்று பத்திரிகைகள் எழுதின. விருதுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, படத்தின் பெயர் இருக்கிறது. அதன் பக்கத்தில் மொழி: மலையாளம்.